கோகிமா போர்க் கல்லறைத் தோட்டத்தை அடிவாரத்திலிருந்து உச்சி வரை பார்ப்பது எப்படி

நாகாலாந்தின் தலைநகரான கோகிமாவில், திமாப்பூரிலிருந்து மலையேறி வரும் சாலை இம்பாலை நோக்கித் திரும்பும் இடத்துக்கு மேலே, காரிசன் குன்று என்று போர்க்காலத்தில் பெயர் பெற்ற ஒரு குன்று நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை, ஜப்பானியருக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைகளுக்கும் இடையே நடந்த கோகிமாப் போரின் மையக் களம் இதுவே. அந்தக் களத்தின் மீதே, சரிவை அடுக்கடுக்காக வெட்டிய புல்தரைகளில், 1,420 பேரின் கல்லறைகளோடு இந்தத் தோட்டம் அமைந்துள்ளது. பலரும் நடு அடுக்கில் இருக்கும் டென்னிஸ் திடல் வரை ஏறி, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்தியராக வருபவர் பார்க்க வேண்டிய முக்கியமான பகுதி அதற்கும் மேலே இருக்கிறது என்பதால், வரிசையாகக் கீழிருந்து உச்சி வரை எவ்வாறு பார்ப்பது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அனுமதி. நாகாலாந்துக்கு வெளியிலிருந்து செல்லும் இந்தியக் குடிமக்கள் இன்னர் லைன் பர்மிட் என்ற நுழைவு அனுமதி பெற்றிருக்க வேண்டும்; திமாப்பூருக்கும் அது தேவை. இணையவழியில் முன்கூட்டியே விண்ணப்பித்து, அச்சுப் பிரதிகள் இரண்டையும் அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ரயிலில் வருபவர்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ் வசதியானது. கோவை, ஈரோடு, சேலம் வழியாக வரும் அந்த வண்டி திமாப்பூரில் நிற்கிறது, ஆனால் பயணம் நாட்கணக்கில் நீளும் என்பதை மறக்க வேண்டாம். விமான நிலையமும் திமாப்பூரில்தான் இருக்கிறது. அங்கிருந்து கோகிமாவுக்கு ஏறத்தாழ 74 கிலோமீட்டர். ஆள் சேர்ந்ததும் புறப்படும் பகிர்வு டாக்சிகள் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மண்சரிவும் இச்சாலையை அடிக்கடி மறிப்பதால், அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட காலமே பயணத்துக்கு ஏற்றது.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தென்னாட்டவர் வழக்கமாக ஒரு பிழை செய்வதுண்டு. நாட்டின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஊர் என்பதால், டிசம்பரில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் இங்கே சூரியன் மறைந்துவிடும். "நாலு மணிக்குப் போய்க்கொள்ளலாம்" என்று நம் ஊர்க் கணக்கில் நினைத்தால் இருட்டில்தான் படியேற நேரும். காலையில் செல்லுங்கள், இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஊரே தேவாலயத்துக்குச் சென்றுவிடும், கடைகள் அடைந்திருக்கும், வண்டி கிடைப்பதும் அரிது என்பதால், வேலை நாளே உகந்தது.

நுழைவாயிலுக்கு அருகில் கீழ் அடுக்கிலேயே நிற்கும் பெரிய ஒற்றைக் கல்லை விட்டுவிட்டு மேலே ஓட வேண்டாம். அது இந்தப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் இரண்டாவது டிவிஷன் என்ற பெரும் படைப்பிரிவின் நினைவுக்கல். இறந்தோருக்கு நாகர்கள் நாட்டும் கல்லை ஒத்த அதை, நாகர்களே இழுத்துவந்து இங்கே நிறுத்தினார்கள். வீரருக்கு நடுகல் நட்டு வணங்கிய மரபில் வந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதில் பொறிக்கப்பட்டுள்ள ஆங்கில வரிகளின் கருத்து இது: நீங்கள் ஊர் திரும்பும்போது எங்களைப் பற்றி அங்குள்ளோரிடம் சொல்லுங்கள், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று.

அங்கிருந்து அடுக்குகளின் வழியே மெதுவாக ஏறுங்கள். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில், சமவெளியிலிருந்து வந்த அன்றே வேகமாகப் படியேறினால் மூச்சு வாங்கும். ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு சிறு கல்லின் மேல் வெண்கலத் தகடு பதிக்கப்பட்டிருக்கிறது. பெயர், படைப்பிரிவு, வயது ஆகியவற்றுக்குக் கீழே, சிலவற்றில் குடும்பத்தார் எழுதி அனுப்பிய ஓரிரு வரிகளும் காணப்படும். படைத்துறை வரலாறு தெரியாதவர்கள் அந்த வயதுகளையும் வரிகளையும் படித்தாலே போதும். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற ஜான் ஹார்மன், ஜான் ராண்டில் ஆகிய இருவரும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

நடு அடுக்குகளில் ஒன்றில், வெள்ளைக் கோடுகளால் மட்டும் அடையாளம் காட்டப்பட்டிருக்கிறது டென்னிஸ் திடல். அன்றைய துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களாவைச் சேர்ந்த திடல் இது. ஜப்பானியரின் 31ஆவது டிவிஷன் குன்றைச் சூழ்ந்துகொண்டபோது, தண்ணீர் ஊற்றையும் இழந்து, வானிலிருந்து போடப்பட்டவற்றை நம்பியிருந்த சிறிய காவற்படை இந்தக் குறுகிய நிலத்துக்கு ஒரு பக்கமும் ஜப்பானியர் மறுபக்கமுமாகப் பதுங்குகுழிகளில் இருந்தபடி கையெறி குண்டுகளை வீசிக்கொண்டார்கள். திடலின் ஒரு கோட்டருகே நின்று எதிர்க்கோட்டைப் பாருங்கள். அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்பதைக் கண்ணால் அளந்த பிறகே இந்தப் போர் விளங்கத் தொடங்கும். முற்றுகை ஏப்ரல் 20 வாக்கில் தளர்ந்த பிறகும், திடலை முழுமையாக மீட்க மே 13 வரை ஆயிற்று. செங்குத்தான சரிவில் ஒரு டாங்கியை ஏற்றிவந்துதான் அதை முடித்தார்கள். அருகில் நிற்கும் செர்ரி மரம், ஜப்பானியர் மறைந்திருந்து சுடப் பயன்படுத்திய பழைய மரம் சிதைந்தபின், அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது.

இங்கே திரும்பிவிடாமல் உச்சிக்கு ஏறுங்கள். தங்கள் சமயமுறைப்படி தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கியப் படைவீரர்களின் நினைவகம் அங்கே இருக்கிறது. அவர்களுக்குக் கல்லறை கிடையாது. பெயர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நிதானமாக நின்று படிக்க வேண்டிய இடம் இதுதான்.

நகரம் விரிந்து கிடப்பதை உச்சியிலிருந்து பார்க்கும்போது, அழகை ரசிப்பதோடு, கீழே சாலை செல்லும் தடத்தையும் கண்ணால் தொடருங்கள். இம்பாலில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைக்குத் திமாப்பூரிலிருந்து உணவும் வெடிபொருளும் சென்ற வழி அது. இந்த மலைமுகட்டைப் பிடித்தவர் அதை மறிக்கலாம் என்பதால்தான் இவ்வளவு சிறிய ஊருக்காக இவ்வளவு உயிர்கள் போயின. அன்று ஜெயில் குன்று என்றும் கிடங்குக் குன்று என்றும் படைகள் பெயரிட்ட முகடுகளை இன்று வீடுகள் மூடிவிட்டன; பழைய வரைபடம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நுழைவுக் கட்டணம் இல்லை. படம் எடுக்கலாம்; ஆனால் கல்லறைக் கற்களின் மீது அமர்வதும், புல்தரையில் உணவுப் பொட்டலம் பிரிப்பதும் தகாது. நேரம் மிஞ்சினால், நகருக்குத் தெற்கே கிசாமாவில் உள்ள இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகத்துக்கும் செல்லலாம். டிசம்பர் 1 முதல் 10 வரை அதே கிசாமாவில் நாகர்களின் பண்பாட்டு விழாவான ஹார்ன்பில் விழா நடப்பதால், அந்நாட்களில் தங்குமிடத்தை வெகு முன்னதாகவே பதிவுசெய்துகொள்ள வேண்டும்.