மூணு சுழி ‘ண’வை ஏஐ கையில் கொடுக்காதீர்கள்: வீட்டிலிருந்தே ஒரு லோகோ

சித்தப்பா காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு போட்டார். “நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கியே கண்ணு, நம்ம கடைக்கு ஒரு லோகோ போட்டுக் குடு” என்றார். எனக்கு வரைய வராது. ஏஐ இருக்கும்போது என்ன கவலை என்று ‘மரச்செக்கு எண்ணெய் கடைக்கு ஸ்டைலா ஒரு லோகோ’ என ஒரே வரி அடித்தேன். அரை நிமிடத்தில் தகதகவென்று ஒரு படம் வந்து நின்றது. செக்கு இருக்க வேண்டிய இடத்தில் திராட்சை பிழியும் தொட்டி மாதிரி ஏதோ ஒன்று. அதன் கீழே, தூரத்தில் பார்த்தால் தமிழ், கிட்டே போனால் எதுவுமில்லை. ‘ண’வுக்கு ஐந்து சுழி. ‘ச்’சின் புள்ளி ‘ர’ தலையில் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு ஒரு வாரம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்த வழி இது: படத்தையும் பளபளப்பையும் ஏஐயிடம் வாங்கிக்கொள்ளுங்கள், எழுத்தை நீங்களே அடியுங்கள். இரண்டையும் ஒட்ட இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும்.

எழுத்தில் மட்டும் ஏன் இப்படிச் சொதப்புகிறது? பெரும்பாலான படக் கருவிகளுக்கு எழுத்தும் ஒரு படம்தான். மாட்டின் வாலில் நாலு முடி கூடினால் யாரும் கவனிக்க மாட்டோம், ‘ண’வில் ஒரு சுழி கூடினால் பல்லைக் காட்டிவிடும். ஆங்கிலப் பலகைகளை ஏராளமாகப் பார்த்துப் பழகியதால் அது ஓரளவு தேறிவிட்டது. தமிழில் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்ற இரண்டே சொல்லில் நான்கு புள்ளி, இரண்டு கொம்பு. புதிய கருவிகள் முன்னைவிடச் சரியாக எழுதுகின்றன. ஆனாலும் கடைப் பெயரை அவற்றிடம் நம்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

படி 1: கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள்

ஒரு தாளில், லோகோ எங்கெல்லாம் வரும் என்று எழுதுங்கள். எங்களுக்கு பாட்டில் லேபிள், ஆறடி ஃப்ளெக்ஸ், வாட்ஸ்அப் டிபி, பில்லில் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப். இந்த நாலில் ரப்பர் ஸ்டாம்ப்தான் கறாரான வாத்தியார். ஒரே நிறம், ஒரு அங்குல அகலம், அதில் கலையாமல் நின்றால் மற்ற இடங்களில் தானாக நிற்கும். ஆகவே இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம், மெல்லிய கோடு வேண்டாம்.

படி 2: பொருளின் பெயரைச் சொல்லாதீர்கள், வடிவத்தைச் சொல்லுங்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி, மைக்ரோசாஃப்ட் டிசைனர், அடோபி ஃபயர்ஃப்ளை, ஐடியோகிராம் என்று கருவிகள் நிறைய இருக்கின்றன. எதில் தொடங்கினாலும் முறை ஒன்றுதான். சாட்ஜிபிடிக்கும் ஜெமினிக்கும் தமிழிலேயே சொல்லலாம்.

‘செக்கு’ என்றால் என்ன என்று கருவிக்குச் சரியாகத் தெரியாது. நம் ஊர்ப் பொருள் எதற்கும் இதே கதைதான். அம்மி கேட்டால் சப்பாத்திக் கட்டை வரும். அதனால், செக்கையே பார்த்திராத ஒருவருக்கு போனில் விளக்குவதுபோல எழுதுங்கள். கடைசியில் எனக்கு ஒத்துவந்த ப்ராம்ப்ட் (கருவிக்குக் கொடுக்கும் விவரிப்பு) இது:

“ஒரு கடைக்கான எளிய சின்னம். நடுவில் இடுப்பு சிறுத்த, வாய் அகன்ற மர உரல். உரலின் குழிக்குள் நின்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும் ஒரு தடித்த மர உலக்கை. உரலின் அடியில் ஒரே ஒரு எண்ணெய்த் துளி. தட்டையான வடிவங்கள், தடித்த கோடுகள். அடர் பழுப்பு, மஞ்சள் ஆகிய இரண்டே நிறம். வெறும் வெள்ளைப் பின்னணி. சின்னம் மட்டும் போதும், எழுத்து வேண்டாம்.”

‘ஸ்டைலாக’, ‘அருமையாக’, ‘புரொஃபஷனலாக’ போன்ற சொற்களை இதில் தேடாதீர்கள். அவற்றைப் போட்டாலே நிழலும் தங்க முலாமும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பின்னணி ஒளிபுகுவதாக வேண்டும் என்றும் கேட்காதீர்கள். சில நேரம் அந்தச் சாம்பல்-வெள்ளைச் சதுரக் கட்டங்களையே படமாக வரைந்து கொடுத்துவிடும். நானும் அதை நம்பி லேபிளில் ஒட்டி, கட்டம் போட்ட லுங்கி மாதிரி ஆகிவிட்டது.

முதல் படம் பிடிக்காவிட்டால் ப்ராம்ப்ட் முழுவதையும் மாற்றாதீர்கள். ஒரு முறைக்கு ஒரே திருத்தம்: “உலக்கை இன்னும் தடிமனாக”, அடுத்து “துளி மட்டும் மஞ்சள்”. எனக்கு ஒன்பதாவது படம் சரியாக வந்தது. மாடு ஒன்றும் இருக்கட்டும் என்று சித்தப்பா சொன்னதைக் கேட்டிருந்தால் தொண்ணூறு ஆகியிருக்கும்.

படம் கைக்கு வந்ததும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். என்னவென்று புரிகிறதா? அப்படியானால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: புள்ளிப் படத்தைக் கோட்டுப் படமாக்குங்கள்

பலரும் விட்டுவிடும் படி இதுதான். ஏஐ தரும் படம் பெரும்பாலும் 1024 புள்ளி (பிக்ஸல்) அகலம் இருக்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் மூன்றரை அங்குலம்கூட வராது. பாட்டில் லேபிளுக்குச் சரி. அதையே ஆறடி ஃப்ளெக்ஸில் இழுத்தால் அங்குலத்துக்கு 14 புள்ளிதான் கிடைக்கும், ஓரமெல்லாம் படிக்கட்டு. கோட்டுப் படத்தை (வெக்டர்) எவ்வளவு இழுத்தாலும் அப்படி உடையாது.

இன்க்ஸ்கேப்பில் படத்தை இறக்குமதி செய்து, தேர்ந்தெடுத்து, ‘பாத்’ மெனுவில் ‘டிரேஸ் பிட்மேப்’ போங்கள். நம் படத்தில் பழுப்பு, மஞ்சள், வெள்ளை என மூன்று நிறம் என்பதால் ‘மல்டிகலர்’ தாவலில் ‘கலர்ஸ்’ தேர்ந்தெடுத்து, ‘ஸ்கேன்ஸ்’ எண்ணிக்கையை 3 ஆக்குங்கள். தூசி மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் ‘ஸ்பெக்கிள்ஸ்’ மதிப்பைக் கூட்டுங்கள். ‘அப்ளை’ கொடுத்த பிறகு எதுவுமே மாறாதது போலத் தெரியும், பயப்படாதீர்கள். புதிய கோட்டுப் படம் பழையதன் மேலேயே சரியாகப் படுத்திருக்கும். மேலே இருப்பதை இழுத்து நகர்த்திவிட்டு, அடியில் கிடக்கும் பழையதை அழித்துவிடுங்கள். வெள்ளைப் பகுதியையும் நீக்கினால் பின்னணி உண்மையிலேயே ஒளிபுகும்.

பழுப்பு கொஞ்சம் சிவந்துவிட்டதா? இப்போது ஒரு கிளிக்கில் மாற்றலாம். அதற்காக மறுபடி ஏஐயிடம் ஓட வேண்டியதில்லை.

படி 4: எழுத்து

கூகுள் ஃபான்ட்ஸில் இலவசத் தமிழ் எழுத்துருக்கள் நிறைய உண்டு. கனமாக, உருண்டையாக வேண்டுமானால் பாலூ தம்பி 2. நறுக்கென்று நேர்க்கோட்டில் வேண்டுமானால் கட்டமரன் அல்லது முக்தா மலர். சாய்ந்த கையெழுத்துக்கு கவிவனார். இவை திறந்த உரிமத்தில் வருவதால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ‘எங்கிருந்தோ டவுன்லோட் செய்த சூப்பர் ஃபான்ட்’டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இன்க்ஸ்கேப்பில் பெயரை அடித்து, எழுத்துருவைப் பொருத்தி, ஒரு நகலை எடுத்துத் தனியாக வையுங்கள். பிறகு ‘பாத்’ மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’, அடுத்து ‘யூனியன்’. இனி அது எழுத்தல்ல, வெறும் வடிவம். நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களும்தான் இன்னும் ஓடுகின்றன. எழுத்தாகவே கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துபோகலாம். வடிவமாகக் கொடுத்தால் எதுவும் அசையாது.

படி 5: பித்தளை எழுத்து

ஸ்டைல் வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கான இடம் இது. எழுத்தை மின்னவைக்க ஏஐயிடம் எழுத்தைக் கொடுக்க வேண்டாம். பரப்பை மட்டும் கேளுங்கள்:

“புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கின் பித்தளைப் பரப்பு. நேர் எதிரே நின்று மிக அருகில் எடுத்த ஒளிப்படம். படம் முழுவதும் பித்தளை மட்டும் நிறைந்திருக்க வேண்டும். நுண்ணிய தேய்ப்புக் கோடுகள், இடமிருந்து வரும் மென்மையான வெளிச்சம்.”

வந்த படத்தை இன்க்ஸ்கேப்பில் வைத்து, அதன் மேல் உங்கள் எழுத்து வடிவத்தை வையுங்கள். எழுத்து மேலே, பித்தளை கீழே, மாறினால் வேலைக்காகாது. இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘ஆப்ஜெக்ட்’ மெனுவில் ‘கிளிப்’, ‘செட் கிளிப்’. பித்தளை எழுத்தின் வடிவத்துக்கு நறுக்கப்பட்டு நிற்கும். ஐந்து சுழியும் இல்லை, அலையும் புள்ளியும் இல்லை.

இன்னும் புடைத்துத் தெரிய வேண்டுமானால் இதை ஒளிபுகும் பின்னணியுள்ள பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து, உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபீயில் திறந்து, லேயரை இருமுறை தட்டி ‘பெவல் அண்ட் எம்பாஸ்’ கொடுங்கள். கொஞ்சமாகக் கொடுங்கள். முழுதும் ஏற்றிவிட்டால் பழைய கல்யாண சிடி அட்டை ஞாபகம் வந்துவிடும். இதே வழியில் வாகை மரப்பட்டை, தகர போர்டின் உரிந்த பெயின்ட், எள் பரப்பிய சாக்கு என எதையும் எழுத்துக்குள் நிரப்பலாம். எள் எனக்கு மிகவும் பிடித்தது. நியானுக்கு மட்டும் பரப்பு தேவையில்லை, ‘அவுட்டர் க்ளோ’ போதும்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள் பிக்ஸல்லேப் என்ற செயலியில் எழுத்துக்கு ‘டெக்ஸ்சர்’ என்ற வசதியைப் பாருங்கள். இதே வேலையைச் சுருக்கமாகச் செய்யும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பித்தளைப் படம் இன்னும் புள்ளிப் படம்தான். டிபிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் அதைப் போடுங்கள். ஃப்ளெக்ஸுக்கும் ஸ்டாம்புக்கும் நிறம் மட்டும் உள்ள தட்டை வடிவம்.

படி 6: அச்சுக்கு அனுப்பும் முன்

லோகோவை டிரேட்மார்க் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், அதே மாதிரிச் சின்னம் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஐபி இந்தியா என்ற அரசுத் தளத்தின் பொதுத் தேடலில் பாருங்கள். பதிவில் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள், சமையல் எண்ணெய்க்கு வகுப்பு 29. தனிநபரும் சிறுதொழிலும் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். ஏஐ தந்த படத்தை அப்படியே வைத்துக்கொண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) கொண்டாடுவது கஷ்டம். எந்திரம் மட்டுமே உருவாக்கிய படைப்புக்கு அந்த உரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. நம் பக்கம் எப்படி முடியுமோ, நீங்கள் எழுத்தும் வடிவமும் மாற்றிய கோப்புகளைப் படிப்படியாகச் சேமித்து வையுங்கள்.

அச்சகத்துக்கு எஸ்விஜியும் (கோட்டுப் படக் கோப்பு) பிடிஎஃப்பும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள், ஃபோட்டோவாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிவிடும். கம்ப்யூட்டர் திரையில் தெரியும் மஞ்சள் அச்சில் ஒரு சுற்று மங்கும் என்பதால், ஒரு சின்னத் துண்டு அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அச்சகத்தார் ப்ரூஃப் (சரிபார்க்கும் மாதிரி) அனுப்புவார்கள். அவசரத்தில் எங்கள் அச்சகத்தாரே எழுத்தை மறுபடி அடித்து ‘எண்னெய்’ என்று அனுப்பியிருந்தார்கள். அங்கே ஏஐ எதுவும் கிடையாது, மனிதக் கைதான். சுழிகளை ஒவ்வொன்றாக எண்ணிய பிறகு ஓகே சொல்லுங்கள்.