கண்ணும் வாயும் வைத்த நீல மோதகம்: வீட்டில் ஸ்லைம் அவிப்பது எப்படி

டிராகன் குவெஸ்ட் என்ற வீடியோ கேம் விளையாடியவர்களுக்கு ஸ்லைம் யாரென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: 1986இல் ஜப்பானில் வந்த முதலாவது விளையாட்டிலேயே, கதாநாயகன் ஊரைவிட்டு வெளியே கால் வைத்ததும் எதிர்ப்படுகிற ஆகச் சின்னப் பூதம் அது. நீல நிறம், உச்சியில் ஒரு கூர், இரண்டு வட்டக் கண், காதுவரை சிரிப்பு, ஆனால் காது இல்லை. விளையாட்டை உருவாக்கிய யூஜி ஹொரி முதலில் சேற்றுக் குவியல் மாதிரி எதையோதான் கீறிக் கொடுத்தார், அதை இந்தக் கூர்மண்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ‘டிராகன் போல்’ என்ற சித்திரக்கதையை வரைந்த அகிரா தொரியாமா.

எனக்கு அதைப் பார்த்த நாளிலிருந்து ஒரே எண்ணம்தான். இது மோதகம்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், அடி உருண்டை, மேலே கிள்ளி இழுத்த மூக்கு, அச்சு எதுவும் வேண்டாம், கையாலேயே வந்துவிடுகிற உருவம். ஜப்பானிலும் யாருக்கோ இதே எண்ணம் வந்திருக்கிறது, 2011இல் அங்கே ஃபெமிலிமார்ட் கடைகளில் ஸ்லைம் வடிவில் நீல நிறத்தில் அவித்த இறைச்சி பன் விற்றார்கள். நமக்கு இறைச்சியும் வேண்டாம், ஈஸ்ட்டும் வேண்டாம், அரிசி மாவும் தேங்காயும் போதும். அக்காவின் மகனுடைய பிறந்தநாளுக்கு மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினியில் மூன்று தடவை பழுதாக்கி நாலாவது தடவை சரிவந்த முறை இது. கேக்குக்கு ஐசிங் போட்டுப் பூதம் செய்கிற வேலை எல்லாம் எனக்குக் கைவராது, மோதகம் பிடிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம், தெரியாதவர்களும் பழகலாம்.

சாமான்கள்

ஏறத்தாழ 15 ஸ்லைமுக்கு: வெள்ளைப் பச்சையரிசி மா 2 கப், நீலச் சங்குப்பூ 40, தண்ணீர் இரண்டரைக் கப், உப்பு அரைத் தேக்கரண்டி, தேங்காய் எண்ணெய் கொஞ்சம். உள்ளுக்கு வைக்க வறுத்து உடைத்த பயறு அரைக் கப், தேங்காய்ப்பூ 1 கப், சீனி 5 மேசைக்கரண்டி, ஏலக்காய் 3. முகத்துக்கு ஒரு துண்டு பீட்றூட், கொஞ்சம் கறுப்பு எள்.

மா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் பிட்டுக்கு வைத்திருக்கிற சிவப்பரிசி மாவை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன். நீலமும் சிவப்பும் சேர்ந்து மழைக்கு நனைந்த செங்கல் மாதிரி ஒரு நிறம் வந்தது, மருமகன் எட்டிப் பார்த்துவிட்டு “மாமா, இது செத்துப்போன ஸ்லைமா?” என்று கேட்டான். வெள்ளை மாவுதான் வேண்டும், அதையும் நிறம் மாறாமல் இலேசாக வறுத்தால் போதும், பொன்னிறமாக விட்டால் அங்கேயும் நீலம் கெடும்.

1. நீலம் எடுப்பது

கடையில் விற்கிற நீலச் சாயத்துளி இரண்டு விட்டால் வேலை ஒரு நிமிடத்தில் முடியும்தான், ஆனால் வேலியில் சங்குப்பூ படர்ந்து கிடக்கும்போது அதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? காலையில் விரிந்த பூக்களைப் பறித்து, காம்போடு இருக்கிற பச்சைப் புல்லியை நீக்கிவிட்டுக் கழுவுங்கள். புல்லியை விட்டால் நிறம் மங்கும், புல் வாசமும் வரும். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்தபின் பூக்களைப் போட்டு 10 நிமிடம் மூடி வையுங்கள். இதழ்கள் வெளிறி, தண்ணீர் மை போல் ஆகியிருக்கும். பிழிந்து வடிகட்டுங்கள்.

இந்த நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. பூவிலுள்ள நிறப்பொருள் அந்தோசயனின் வகை, அது புளிப்புப் பட்டால் ஊதாவாகும், இன்னும் புளித்தால் இளஞ்சிவப்பாகும், காரத்தன்மை கூடினால் பச்சைப் பக்கம் சாயும். உங்கள் வீட்டுத் தண்ணீரில் சாறு பச்சையாகத் தெரிந்தால் தேசிக்காய், அதாவது எலுமிச்சைச் சாற்றை ஒரு கரண்டித் தண்ணீரில் கலந்து, அதிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பாருங்கள், நீலத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஒரு சொட்டு கூடினாலும் ஊதாதான். ஊதா ஸ்லைம் வேண்டுமென்றால் அது வேறு கதை, வேண்டுமென்றே அரைக் கப் சாற்றைப் பிரித்து ஊதாவாக்கி அதிலும் மா குழைக்கலாம், பிள்ளைகள் முன்னால் தேசிக்காய் பிழிந்து நிறம் மாற்றிக் காட்டினால் அன்றைக்கு மந்திரவாதி நீங்கள்தான்.

2. உள்ளடக்கம்

மோதகத்துக்குச் சர்க்கரைதான் (வெல்லம்) போடவேண்டும், எனக்கும் தெரியும், சீனி போட்ட மோதகத்தை அம்மா மோதகம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டா. ஆனால் சர்க்கரைப் பாகு அவியும்போது கசிந்து வெளித்தோலில் மண்நிறத் திட்டுகளாக எழும்பும், முகத்தில் திட்டு விழுந்தால் ஸ்லைமுக்குத் தேமல் வந்த மாதிரி இருக்கும். ஆகவே சீனி.

பயறை மட்டான தண்ணீரில் அவித்து, மசியவிடாமல், தண்ணீர் வற்றியதும் இறக்குங்கள். அது சூடாக இருக்கும்போதே தேங்காய்ப்பூ, சீனி, ஏலப்பொடி சேர்த்து, அடுப்பில் மூன்று நாலு நிமிடம் கிளறி ஆறவிடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஈரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் வாட்டுங்கள்.

3. மா குழைப்பது

எல்லாம் இதில்தான் இருக்கிறது. நீலச் சாற்றை உப்புடன் மீண்டும் கொதிக்க வையுங்கள், வெந்நீர் போதாது, கொதிநீர் வேண்டும், அப்போதுதான் அரிசி மா பசைபிடிக்கும், இல்லாவிட்டால் மூக்கை இழுக்கும்போது வெடித்துப் பிளக்கும். முகம் செய்வதற்கு 3 மேசைக்கரண்டி மாவை முதலிலேயே புறம்பாக எடுத்து வைத்துவிட்டு, மீதி மாவில் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுங்கள். முழுவதும் ஊற்றவேண்டும் என்றில்லை, ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு அளவு குடிக்கும். கை பொறுக்கிற சூடு வந்ததும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு நன்றாகக் குழையுங்கள். காதுச் சோணை மாதிரி மெத்தென்று, கையில் ஒட்டாமல் இருக்க வேண்டும்.

நிறம் வெளிறி இருக்கிறதே என்று இந்த இடத்தில் பயப்பட வேண்டாம். மா வெந்து கண்ணாடித்தன்மை வரும்போது நீலம் ஒரு படி கூடும்.

ஈரத்துணியால் மூடியே வையுங்கள், கச்சான் காற்று அடிக்கிற நாளில் ஐந்து நிமிடத்தில் மேல்தோல் காய்ந்துவிடும்.

4. உருவம் பிடிப்பது

பெரிய தேசிக்காய் அளவு உருண்டை எடுத்து, எண்ணெய் தொட்ட பெருவிரலால் நடுவைக் குழித்துக் கிண்ணமாக்கி, உள்ளடக்கம் ஒரு தேக்கரண்டி வைத்து, விளிம்புகளை மேலே சேர்த்து மூடுங்கள். இதுவரை சாதாரண மோதகம்தான். இனி வித்தியாசம்: மூடிய இடத்தை மூன்று விரலால் சுற்றிச் சுற்றி மேலே இழுத்து ஒரு கூர் எடுக்க வேண்டும், அடியைத் தட்டில் மெல்ல அழுத்தி அகலப்படுத்த வேண்டும். ஸ்லைம் நிற்கிற பூதம் அல்ல, குந்தியிருக்கிற பூதம். கூர் நீண்டால் அவியும்போது சரிந்துவிடும், ஒரு விரற்கட்டைக்கு மேல் வேண்டாம்.

மீதி மாவில் ராஜா ஸ்லைம் செய்யலாமே என்று எல்லோருக்கும் தோன்றும், விளையாட்டில் எட்டு ஸ்லைம் ஒன்றாகச் சேர்ந்துதான் முடிசூடிய ராஜா ஸ்லைம் உருவாகும், நானும் எட்டு உருண்டையை ஒன்றாக்கிப் பார்த்தேன். வெளியே வெந்தது, உள்ளே பச்சை மா. ராஜா வேண்டாம்.

5. முகம்

புறம்பாக வைத்த வெள்ளை மாவையும் கொதிநீர் விட்டுக் குழைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் துருவிப் பிழிந்த பீட்றூட் சாறு சில துளி சேர்த்தால் சிவப்பு. வெள்ளையில் மிளகளவு உருண்டைகள் இரண்டைத் தட்டையாக்கிக் கண்ணாக ஒட்டி, நடுவில் ஒவ்வொரு எள்ளு. சிவப்பு மாவை நூலாக உருட்டி, கீழ்நோக்கி வளைத்துச் சிரிப்பாக ஒட்டுங்கள். ஒட்டுகிற இடத்தில் விரல் ஈரம் போதும்.

கண்கள் இரண்டும் விலகி, கொஞ்சம் மேலே ஏறி இருக்க வேண்டும், வாய் அகலமாக இருக்க வேண்டும். கிட்டக்கிட்ட வைத்தால் கோபப்பட்ட வெங்காயம்தான் கிடைக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் அம்மா குசினிக்குள் வந்தா. “என்ன மனே இது, பிள்ளையாருக்குப் படைக்கிற சாமானுக்குக் கண்ணும் வாயும் வெச்சிருக்காய்?” அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஒப்பந்தம் உண்டு. முதல் ஐந்தும் முகமில்லாமல் சாமியறைக்குப் போகும், மீதிதான் பூதங்களாகும்.

6. அவிப்பது

இடியப்பம் அவிக்கிற சட்டியில் தட்டுக்கு எண்ணெய் பூசி, அல்லது வாழையிலைத் துண்டு போட்டு, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குங்கள். தண்ணீர் கொதித்து ஆவி வந்தபின்தான் தட்டை வைக்க வேண்டும். மூடியில் ஒரு துணியைக் கட்டுங்கள், ஆவித் துளி முகத்தில் விழுந்தால் பீட்றூட் கரைந்து இரத்தம் வடிகிற மாதிரி ஆகிவிடும் (எனது இரண்டாவது தடவை, பேய் விளையாட்டு என்று சொல்லிச் சமாளித்தேன்). 12 நிமிடம் போதும், உள்ளே இருப்பது ஏற்கெனவே வெந்ததுதானே. அதிக நேரம் விட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். எடுத்ததும் தொடாதீர்கள், ஐந்து நிமிடம் ஆறினால்தான் தோல் இறுகிப் பளபளப்பு வரும்.

மைன்கிராஃப்ட்காரர்களுக்கு

மைன்கிராஃப்ட் விளையாட்டிலும் ஸ்லைம் உண்டு, ஆனால் பச்சை, சதுரப் பெட்டி, வெளியே கண்ணாடி மாதிரி ஒரு படலம், உள்ளே அடர்ந்த இன்னொரு பெட்டி. அதற்கு மோதகம் சரிவராது, கடற்பாசிதான் (அகர் அகர்). நோன்பு காலத்தில் காத்தான்குடி, ஏறாவூர் வீடுகளில் செய்கிற அதே கடப்பாசி. காத்தான்குடி நண்பனின் உம்மா எனக்குச் சொன்ன அளவு: 10 கிராமுக்கு 4 கப் தண்ணீர். அரை மணித்தியாலம் ஊறவைத்து, இழை ஒன்றும் தெரியாதவரை காய்ச்சி, பிறகு சீனி.

ஒரு கப்பைப் பிரித்து, அரைக் கப் சூடான தேங்காய் முதற்பாலும் இடித்துப் பிழிந்த இரம்பை (பாண்டன் இலை) சாறு தாராளமாகவும் கலந்து தட்டில் ஊற்றுங்கள், இறுகியதும் சின்னச் சதுரங்களாக வெட்டுங்கள், அதுதான் உட்பெட்டி. மிச்சத்தில் இரம்பைச் சாறு ஒரு கரண்டி மட்டும் விட்டு, பாதியைச் சதுரமான சாப்பாட்டுப் பெட்டியில் ஊற்றி, மேற்பரப்பு சும்மா பிடிக்கிற நேரம் சதுரங்களை இடைவெளி விட்டு அடுக்கி, மீதியை மெதுவாக மேலே ஊற்றுங்கள். மீதி அதற்குள் இறுகிவிட்டால் திரும்பக் காய்ச்சலாம், இது ஜெலற்றின் இல்லை, கொதிநிலைக்குக் கிட்டப் போனால்தான் உருகும், 40 பாகைக்குக் கீழே தானாக இறுகும். நம்மூர் வெயிலில் பிறந்தநாள் மேசையில் இரண்டு மணித்தியாலம் வைத்தாலும் நிற்கிறதென்றால் அதனால்தான். முகத்துக்கு உருக்கிய சொக்கலேட்டில் சதுரப் புள்ளிகள் வையுங்கள்.

விளையாட்டில் பெரிய ஸ்லைமை வெட்டினால் சின்னச் சின்ன ஸ்லைம்களாகப் பிரியும். அதனால் ஒரு பெட்டியை வெட்டாமல் முழுசாக மேசைக்குக் கொண்டுபோய், கத்தியைப் பிறந்தநாள்காரன் கையில் கொடுங்கள், அவன் வெட்ட வெட்ட நண்பர்கள் கத்துவார்கள்.

பார்த்தவர்களில் இரண்டு பேர் காசுக்குச் செய்து தரச்சொல்லிக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்வது ஒன்று, டிராகன் குவெஸ்ட்டை வெளியிடுகிற ஸ்குவெயார் எனிக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான உருவத்தை வைத்து வியாபாரம் செய்வது வேறொன்று.

நீல மோதகத்தை அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள், தேங்காய் போட்டது. பிரிட்ஜில் வைத்தால் அரிசி மா கல்லாகும், மறுபடி ஐந்து நிமிடம் அவித்தால் இளகும், கண் மட்டும் கொஞ்சம் வீங்கும். எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒன்றை மருமகன் அடுத்த நாள் அப்படித்தான் அவித்துச் சாப்பிட்டான், கூரை முதலில் கடித்துவிட்டு.