உங்கள் பெயர்ப் புனிதர் வேதசாட்சியா? தேடிப் பார்க்கும் வழி

ராயபுரத்தில் ஜூன் மாதம் வந்தால் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம், அவரவர் பெயருக்குரிய புனிதரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுவேன். போன வருடம் ஒரு பையன், செபஸ்தியாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த போப் யார் என்று இரண்டு நாள் செல்போனில் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று அழாத குறையாக வந்து நின்றான். கிடைக்காது. அப்படி ஒரு போப் இல்லவே இல்லை. எங்கிருந்து தேட வேண்டும் என்று அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், பெரியவர்களுக்கும் ஆகும்.

முதலில் பெயர் யாருடையது என்று பாருங்கள். நம்ம ஏரியாவுக்கே பெயர் தந்த ராயப்பர்தான் பைபிளில் பேதுரு. சின்னப்பர் பவுல், சந்தியாகப்பர் யாக்கோபு. முடியப்பர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அவர் ஸ்தேவான், முதல் வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர். ஸ்தெபானோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, அதாவது கிரீடம், அதைத் தமிழாக்கி ஓர் அப்பரைச் சேர்த்துவிட்டார்கள். தாத்தா காலத்து ஜெபப் புத்தகத்தில் ‘அர்ச்.’ என்று இருந்தால் அது அர்ச்சியசிஷ்ட, இன்றைய ‘புனித’. மறைசாட்சி, இரத்தசாட்சி என்பதும் வேதசாட்சியைத்தான்.

அப்புறம், கதையைத் தொடாதீர்கள். தேதியையும் கல்லறையையும் பிடியுங்கள். ஸ்மிர்னா நகர ஆயர் (பிஷப்) பொலிகார்ப்பு 2ஆம் நூற்றாண்டின் நடுவில் கொல்லப்பட்டபோது அவருடைய மக்கள் எலும்புகளைப் பொறுக்கி எடுத்து ஓர் இடத்தில் வைத்தார்கள்; வருடா வருடம் அங்கே கூடி அவருடைய ‘பிறந்த நாளை’க் கொண்டாடுவோம் என்று கடிதமும் எழுதினார்கள். பிறந்த நாள் என்று அவர்கள் சொன்னது செத்த நாளை. நவம்பர் 2ஆம் தேதி காசிமேடு கல்லறைக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி, பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். யார், எப்படிச் செத்தார், எங்கே புதைத்தோம் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும்போது புனிதராக அறிவியுங்கள் என்று யாரிடம் மனு போடுவது? கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் 250இல், ரோமப் பேரரசன் தேசியஸ் கிறிஸ்தவர்களை வதைத்த சமயத்தில், சிறையில் இறப்பவர்களின் நாளைக் குறித்து வையுங்கள் என்று தன் குருக்களுக்கு எழுதினார். 258 செப்டம்பர் 14இல் அவர் தலையே போனது, அந்த நாளும் பட்டியலில் ஏறியது.

354ஆம் ஆண்டு ரோமை வேதசாட்சிகள் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நீங்கள் தேட வேண்டும். நாள், பெயர், அடக்கம் செய்த இடம், பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். ஜூன் 29 பேதுரு, பவுல். ஜனவரி 20 செபஸ்தியார். உங்கள் புனிதர் அதில் இருந்தால், கதை எவ்வளவு ஆடினாலும் ஆள் நிஜம் என்று நம்பலாம்.

இனி கதைக்கு வரலாம். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பாருங்கள். 203இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, கைக்குழந்தைக்காரி, சிறையில் தானே எழுதியதாக வரும் பகுதி கிடைத்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைக்க வேறு எதுவும் இல்லை. செபஸ்தியார் கதையோ அவர் இறந்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, 5ஆம் நூற்றாண்டில் எழுதியது. அந்தக் கதையிலேயே அவர் அம்பால் சாகவில்லை என்பது வேறு விஷயம்: இரேனே என்ற பெண் காப்பாற்றுகிறார், பிறகு தடியால் அடித்துக் கொல்கிறார்கள். அம்பு தைத்த சுரூபத்தை, அதாவது சிலையை, பார்த்து எழுதும் பிள்ளைகள் எல்லாரும் இதில் தவறுகிறார்கள்.

புனிதர் பட்டம் என்ற பேச்சு ரொம்பப் பிந்தியது. ரோமை முறைப்படி அறிவித்ததாகத் தெரியும் முதல் புனிதர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், 993இல். போப் மட்டுமே அறிவிக்கலாம் என்பது 13ஆம் நூற்றாண்டில்தான் சட்டமானது. நம் தமிழ்நாட்டு வேதசாட்சி தேவசகாயம் 1752இல் சுடப்பட்டார், 2012இல் முத்திப்பேறு பெற்றவர் (புனிதருக்கு முந்திய படி), 2022இல் புனிதர். பழைய வேதசாட்சிகள் யாரும் இந்தப் படிகளில் ஏறியவர்கள் இல்லை.

பெயர் பிலோமினா என்றால் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கும். 1802இல் ரோமையின் நிலத்தடிக் கல்லறையில் மூன்று ஓடுகள் கிடைத்தன. எழுத்து முன்பின்னாக இருந்ததை மாற்றி அடுக்கி, ‘பிலோமினா, உனக்குச் சமாதானம்’ என்று படித்தார்கள். வாழ்க்கை வரலாறு முழுக்கப் பிறகு வந்தது. 1961இல் திருவிழா நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதை எங்கள் பிலோமினா அத்தையிடம் சொன்னேன். “எடுத்தா எடுக்கட்டும், ஆகஸ்ட்ல நான் மெழுகுவர்த்தி ஏத்துவேன்” என்றார். சரி என்றேன். ஆனால் பிள்ளைகள் எழுதும் பக்கத்தில் ஓட்டுக் கதை கட்டாயம் இருக்க வேண்டும்.

கடைசியாக, பக்கத்தின் தலையில் ‘பிறப்பு’ என்று போட்டு வெறும் கோடு விடாதீர்கள். இறந்த நாளை எழுதுங்கள், ஆண்டு தெரியாவிட்டால் நாள் மட்டும் போதும்.