ஐரிஸ் கிழங்கை மஞ்சள் போலப் புதைக்காதீர்கள்

ஆடி, ஆவணியில் சுவிஸிலிருந்து வரும் சொந்தக்காரர்களின் பெட்டியில் இப்போது சொக்லேட்டோடு பூக்கிழங்கும் இருக்கிறது. அதில் ஒன்று ஐரிஸ் பல்லிடா. வெளிர் ஊதாப் பூ. கீழே தொங்கும் மூன்று இதழ்களிலும் தாடி போல மஞ்சள் மயிர், மொட்டைச் சுற்றி வெள்ளிக் கடதாசி போலொரு உறை. குரோவாசியாவின் தல்மேசிய மலைப்பக்கம்தான் அதன் சொந்த ஊர்.

முதல் பிழை பெட்டிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கிழங்கு கொண்டுவரக் கூடாது. ஒரு கிழங்குதானே என்பார்கள். அதில் ஒட்டிவரும் நோய் பக்கத்து வெங்காயத் தறைக்கும் போகலாம்.

சரி, முறையாகவே வந்தது என்று வைப்போம். மஞ்சளும் இஞ்சியும் நட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? குழி தோண்டி, மாட்டெரு போட்டு, மண் மூடி, வைக்கோல் பரப்பி, இரண்டு நேரமும் தண்ணீர். ஐரிஸைச் சாகடிக்க இது போதும். வேர் மட்டும் மண்ணுக்குள் இருக்க வேண்டும். கிழங்கின் முதுகு, குளக்கட்டில் வெயில் காயும் முதலை போல வெளியே தெரிய வேண்டும். எரு கூடினால் இலைதான் கொழுக்கும், அழுகலும் சீக்கிரம் பிடிக்கும்.

நான் பின்வளவில் நிலத்திலேயே வைத்தேன். கார்த்திகை மழையில் கிழங்கு கூழாகிவிட்டது. கிளறியபோது வந்த நாற்றம் சொல்லி மாளாது. சட்டியில் பாதிக்குப் பாதி சல்லி கலந்து வைத்து, மாரி தொடங்கியதும் தாழ்வாரத்துக்குள் இழுத்திருக்க வேண்டும்.

அப்படிக் காப்பாற்றினாலும் பூவை எதிர்பார்க்காதீர்கள். பூ பிடிக்க அதற்குப் பல கிழமை கடுங்குளிர் வேண்டும். வன்னியின் மார்கழிப் பனி அதற்குக் காணாது.

இன்னொன்று, வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம் கவனியுங்கள். இலையைப் பார்த்து இதை வசம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு. பச்சை ஐரிஸ் கிழங்கு வயிற்றைப் புரட்டும். வாசனைத் திரவியத்துக்கு இதே கிழங்கைத்தான் எடுக்கிறார்கள், ஆனால் அந்த மணம் வர மூன்று வருடமாவது காய வேண்டும்.

ஐரிஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஐரிஸ் டொமெஸ்டிகாவைத் தேடுங்கள். 2005இல்தான் அதை ஐரிஸ் இனத்துக்குள் சேர்த்தார்கள். தாடி கிடையாது, செம்மஞ்சளில் சிவப்புப் புள்ளி. வெக்கையைத் தாங்கும், விதையிலிருந்தே முளைக்கும். ஒரு பூ ஒரு நாள்தான், அப்புறம் அடுத்த மொட்டு விரியும்.