ஃபேன்டசி காதல் நாவலின் மூன்றாம் பாகத்தை எழுதி முடிப்பது எப்படி?

மூன்று பாக நாவலில் எழுதக் கடினமானது கடைசிப் பாகம்தான். முதல் இரண்டும் வெளிவந்து வாசகர் கையில் இருக்கின்றன. திரும்பிப் போய் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. அதனால் புதிதாக எதையும் கற்பனை செய்வதற்கு முன்பு, ஏற்கெனவே சொன்னதைக் கணக்கெடுங்கள்.

இரண்டு பாகங்களையும் பென்சிலோடு மறுபடி படியுங்கள். வாசகரிடம் எதிர்பார்ப்பை உண்டாக்கிய ஒவ்வொரு விஷயத்தையும் எக்செல்லில் ஒரு வரியாக ஏற்றுங்கள்: என்ன சொன்னோம், எந்த அத்தியாயம், எவ்வளவு கனம், இனி எங்கே தீரும். காணாமல்போன தம்பி, பிரிக்காத கடிதம், கிழவி சொன்ன ஆரூடம், நாயகன் மறைத்த பெயர் என்று பட்டியல் நீளும். கனமானவற்றைக் காட்சியாகவே தீர்க்க வேண்டும். நடுத்தரமானவற்றுக்கு ஓர் உரையாடல் போதும். லேசானவற்றை விட்டுவிடலாம். கனமானவை ஏழெட்டைத் தாண்டினால் சிலவற்றைப் பாதிக் கதைக்குள்ளேயே முடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் கடைசி ஐந்து அத்தியாயத்தில் கொட்டினால் எதுவும் வாசகர் மனதில் தங்காது.

இரண்டாம் பாகம் பெரும்பாலும் பிரிவில் முடிந்திருக்கும். அந்தப் பிரிவை இழுக்காதீர்கள். 1,20,000 சொல் நாவல் என்றால் 30,000 சொல்லுக்குள் இருவரும் ஒரே அறைக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அவனுக்கு ஒரு கதை, அவளுக்கு ஒரு கதை என்று இரண்டு நாவல் ஓடும். காதலுக்காக வந்த வாசகர் பக்கங்களைத் தள்ளத் தொடங்குவார்.

சேர்ந்த பிறகு வரும் தடைதான் இந்தப் பாகத்தின் உயிர். அதற்கு ஒரு சோதனை உண்டு: இருவரும் பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துவிடுமா? தீருமென்றால் அது தடையே அல்ல, வெறும் தவறான புரிதல். முதல் பாகத்தில் அதை மன்னிப்பார்கள், மூன்றாம் பாகத்தில் மன்னிக்க மாட்டார்கள். பேசியும் தீராதது வேண்டும். உதாரணமாக, அவள் ஒருவரைக் குணமாக்கும் ஒவ்வொரு முறையும் தன் நினைவுகளில் ஒன்றை இழக்கிறாள். அவனுடைய படை முழுக்கக் காயம்பட்டுக் கிடக்கிறது. அவர்களைக் காப்பாற்றினால் அவனையே மறந்துவிடுவாள். இருவருக்கும் எல்லாம் தெரியும், இருவர் சொல்வதும் நியாயம். இங்கே காதலும் போரும் ஒரே முடிவில் வந்து நிற்கின்றன. உச்சக்கட்டத்திலிருந்து காதலை எடுத்துவிட்டுப் பாருங்கள். போர் அப்படியேதான் முடியும் என்றால் இரண்டும் இன்னும் சேரவில்லை, திட்டத்தைத் திரும்பப் போடுங்கள்.

மந்திரத்தின் விதியைப் பாதிக் கதைக்கு மேல் விரிக்கக் கூடாது. கடைசிச் சண்டையில் புது சக்தி முளைத்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். வழி தெரியாமல் நின்றால் முதல் பாகத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப்போன ஒன்றைத் தேடுங்கள்: ஒரு தாலாட்டு, உடைந்த மோதிரம், யாரும் கண்டுகொள்ளாத வேலைக்காரி. அங்கிருந்து வரும் தீர்வு, முன்பே திட்டமிட்டது போலத் தெரியும். அதற்குரிய விலையையும் கட்டாயம் வசூலியுங்கள். இறந்தவரை இலவசமாக எழுப்பினால், அதற்கு முந்தைய எல்லா மரணங்களும் பொய்யாகிவிடும்.

முன்கதையை முதல் அத்தியாயத்தில் திணிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தனிப் பக்கத்தில் 200 சொல்லில் சுருக்கம் கொடுங்கள். மற்றதைச் செயலில் காட்டுங்கள். "வடகோட்டையில் தன் தந்தையைக் கொன்ற படைக்குத் தலைவன் இவன்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்" என்பது அறிக்கை. "வடகோட்டையில் ஏந்திய அதே வாளை அவன் வாசலிலேயே கழற்றி வைத்தான். அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள், விரல் படாமல்" என்பது காட்சி. புதிதாகப் படிப்பவருக்கும் அந்த வாளில் ஏதோ இருக்கிறது என்பது புரியும்.

கதை நடக்கும் நாட்களுக்கு நாட்காட்டி ஒன்று போடுங்கள். காலாட்படை ஒரு நாளில் 20, 25 கிலோமீட்டர் நடக்கும்; சுமை வண்டிகள் கூட வந்தால் இன்னும் குறையும். ஒரே குதிரையில் நாள்தோறும் போகிறவன் 40, 50 கிலோமீட்டர் போகலாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29 அல்லது 30 நாள். எலும்பு முறிந்த கை சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாள் அதே கையால் வாள் வீசினால் வாசகர் உடனே பிடித்துவிடுவார். அவள் அவனை 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்று அழைக்கத் தொடங்கிய அத்தியாயத்தையும் குறித்துவையுங்கள். மூன்றாம் பாகத்தில் காரணமில்லாமல் அது மாறி மாறி வந்தால் நெருக்கம் கலைந்துவிடும். சண்டைக்குப் பின் அவள் வேண்டுமென்றே 'நீங்கள்' என்று திரும்பினால், நாலு பக்க அழுகை செய்யாததை அந்த ஒரு சொல் செய்யும்.

போர் முடிந்த பிறகு அவசரப்படாதீர்கள். ஆங்கில ஃபேன்டசி எழுத்தாளர் டோல்கீனின் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' (1955) நாவலில், கதையின் மையமான மோதிரம் அழியும் அத்தியாயத்துக்குப் பின்னும் ஆறு அத்தியாயங்கள் இருக்கின்றன. ஆனால் அதில் வரும் அரகோர்ன், ஆர்வென் ஜோடியின் காதல் விரிவாக வருவது பின்னிணைப்பில்தான். காவியத்துக்கு அது பொருந்தும், காதல் நாவலுக்குப் பொருந்தாது. 1,20,000 சொல்லில் கடைசி 10,000 சொல்லை அவர்கள் இருவருக்கும் ஒதுக்குங்கள்: எங்கே வாழ்கிறார்கள், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், எந்தக் காயம் ஆறவில்லை. காதல் நாவல் என்று சொல்லி விற்றால் இருவரும் உயிரோடு சேர்ந்திருக்க வேண்டும். இந்த வகையை வாங்குகிறவர் அதை நம்பித்தான் மூன்று புத்தகத்துக்குப் பணம் கொடுக்கிறார்.

கையெழுத்துப் பிரதியை மூன்று பேரிடமாவது கொடுங்கள். அதில் ஒருவர் முதல் பாகத்தைப் படித்து ஒரு வருடமாவது ஆனவராக இருக்கட்டும். "இது யார்?" என்று அவர் ஓரத்தில் எழுதும் இடங்களில்தான் நினைவூட்டல் தேவை, வேறெங்கும் வேண்டாம்.