மலைப்பூண்டு: சாக்கு, டிரம், டிரே… எங்கே தவறுகிறோம்?

கொடைக்கானல் மேல்மலையில் நல்ல மகசூல் எடுத்த பூண்டு ஒரே மாதத்தில் கறுத்துப் போனால் பழி முதலில் விதைமேல் விழும், அடுத்து மழைமேல். கட்டிவைத்த மூட்டையை யாரும் சந்தேகப்படுவதில்லை. வீட்டுச் சமையலுக்குப் பத்து கிலோ எடுப்பவர் எதில் போட்டு வைத்தாலும் தீர்ந்துவிடும். மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி பக்கம் டன் கணக்கில் பிடுங்குபவருக்கு அப்படியில்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டுதான், ஆனால் அழுகிய பல்லுக்கு மண்டியில் அந்தப் பெயரைச் சொல்லி விலை கேட்க முடியாது.

பெரிய தவறு, சரியாகக் காயாததை மூட்டையில் அடைப்பது. எந்தச் சாக்கும் எந்த டிரேயும் பூண்டைக் காயவைத்துத் தராது; காய்ந்ததை அப்படியே வைத்திருக்கும், அவ்வளவுதான். பிடுங்கிய பூண்டுக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சுவிட்டபடியே இருக்கும், நீராவியும் சூடும் வெளியே வரும். தாளிலும் (பூண்டின் தண்டும் இலையும்) அது பூண்டோடு சேரும் கழுத்திலும் தேங்கிய ஈரம் போக நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். ஆனி, ஆடியில் நட்டது வடகிழக்குப் பருவமழையும் பனிமூட்டமும் இருக்கும் நேரத்தில்தான் கைக்கு வரும். அப்போது நாளை எண்ணிப் பயனில்லை, பூண்டைத்தான் பார்க்க வேண்டும். கழுத்தை விரலால் உருட்டினால் வழுக்கக் கூடாது. மேல்தோல் சரசரக்க வேண்டும், வேர் தொட்டதும் ஒடிய வேண்டும். தாளை வெட்டுவது அதற்குப் பிறகுதான், அதுவும் கழுத்தில் இரண்டு சென்டிமீட்டராவது விட்டு. ஒட்ட வெட்டினால் பூசணத்துக்கு நாமே வாசல் திறந்துவிட்ட மாதிரி.

மழை விடாத நாட்களில் தாளோடு கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டும் பழைய வழக்கம்தான் என் பார்வையில் இன்றும் சிறந்தது. அங்கே பாத்திரமே கிடையாது, எல்லாப் பக்கமும் காற்று. இதிலும் தவறு நடக்கிறது. இடம் போதவில்லை என்று கட்டுகளை நெருக்கித் தொங்கவிட்டால் நடுவில் இருப்பவை காயாது. பச்சை விறகை எரித்தால் அதன் ஈரமும் சேர்ந்து மேலே ஏறும்.

அடுத்தது உர மூட்டை. காலியான யூரியா சாக்கு சும்மா கிடைக்கிறது, கெட்டியாகவும் இருக்கிறது. ஆனால் அது நெருக்கி நெய்த பிளாஸ்டிக். உள்ளே பாலித்தீன் உறை இருந்தால் கேட்கவே வேண்டாம். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உள்பக்கம் நீர் கோக்கும், அந்த நீர் பூண்டின்மேலேயே சொட்டும். மூடி போட்ட நீல டிரம்மும் இதே கதைதான். எலிக்குப் பயந்து டிரம் வாங்குகிறார்கள். எலி வராது, பூசணம் வரும். காற்றுப் புகாத பாத்திரம் நன்றாகக் காய்ந்த மிளகுக்குச் சரி, பூண்டுக்கு ஆகாது. எலிக்கு அறையின் ஜன்னலிலும் கதவிடுக்கிலும் கம்பி வலை அடிப்பதுதான் வழி.

சணல் சாக்கு பரவாயில்லை, காற்று போகும். ஆனால் தரையின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் பலகையோ செங்கல்லோ போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெங்காயம் வரும் வலைப்பை விலையும் குறைவு, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்கும் தெரியும். அதை ஆளுயரத்துக்கு அடுக்குவதுதான் தப்பு. அடியில் இருப்பது நசுங்கும். நசுங்கிய பல்லில் நீலப் பூசணம் பிடித்தால் பக்கத்துப் பூண்டுக்கும் பரவும். அதிகம் விளைவிப்பவர் பக்கவாட்டில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் டிரேவுக்குச் செலவு செய்யலாம். எடை முழுவதையும் டிரே தாங்கிக்கொள்ளும். விளிம்புக்கு மேல் குவித்தால் அந்தப் பயனும் போச்சு. அப்புறம், கேரட், உருளைக்கிழங்கு ஏற்றிய டிரேயை மண் ஒட்டியபடியே எடுக்காதீர்கள். கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

குளிர்ந்த இடத்தில் வைத்தால் கெடாது என்ற நம்பிக்கை மலையில் கொஞ்சம் ஆபத்து. பூண்டின் உறக்கத்தைக் கலைத்து முளைவிடத் தூண்டுவதே 5 முதல் 10 டிகிரி வரையிலான குளிர்தான். ஃப்ரிட்ஜ் அந்தக் கணக்கில்தான் வருகிறது. மார்கழி, தை இரவுகளில் கொடைக்கானல் வீட்டின் பின்கட்டு அறையும் ஏறக்குறைய அப்படித்தான். குளிர்பதனக் கிடங்கு வேறு: அங்கே 0 டிகிரியை ஒட்டி, காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள். அந்த வசதி இல்லாதவர் வீட்டிலேயே காய்ந்த, சற்று வெதுவெதுப்பான அறையைத் தேடுவது நல்லது. அடுப்படிக்கு மேலே பரண் கட்டியவர்களுக்கு இந்த டிகிரிக் கணக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

உரித்த பல்லைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க நினைப்பவருக்கு மட்டும் ஒன்று. எண்ணெயில் மூழ்கவைத்து மூடிய பாட்டிலைச் சாதாரண அறையில் வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த இடத்தில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பலரும் எண்ணெயில் ஊறிய பூண்டால்தான் படுத்தார்கள். வாசனையை வைத்தோ நிறத்தை வைத்தோ இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

விதைப்பூண்டை விற்பனைப் பூண்டோடு ஒரே மூட்டையில் கலப்பதும் அடிக்கடி நடக்கிறது. விலை ஏறினால் நல்லதெல்லாம் வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் போய்விடும், மிஞ்சிய பொடிசு விதையாகும். பெரிய, காயமில்லாத பூண்டாகப் பார்த்து முதலிலேயே பிரித்து, தாளோடு கட்டித் தனியாகத் தொங்கவிடுங்கள். பல்லை முன்கூட்டியே உடைத்துப் பையில் போட்டு வைக்க வேண்டாம். உடைத்த பல் சீக்கிரம் காயும், சீக்கிரம் பூசணமும் பிடிக்கும். நடவுக்கு முந்தின நாள் உடைத்தால் போதும்.