களத்தில் வைத்துத் தாருக்கு ராக் ஸ்லைடர் மாட்டுவது

கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர் பள்ளம் இருக்கிறது. ஓடையை நாங்கள் பள்ளம் என்றுதான் சொல்வோம். சில வருடங்களுக்கு முன்னால் ராகி வாங்கப் போனபோது, தண்ணீருக்குள் கிடந்த உருண்டைக் கல்லில் முன் சக்கரம் ஏறி வழுக்கி இறங்கியது. அடுத்த நொடி வண்டியின் இடுப்பு அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டது. அப்போது என் பழைய மஹிந்திரா தார் ஜீப்பில் இருந்தது கடையில் வாங்கி மாட்டிய பளபளப்பான ஃபுட் ஸ்டெப். அது மடங்கி, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டையும் உள்ளே தள்ளிவிட்டது. இடது பக்கக் கதவு திறக்கவே இல்லை. என் வீட்டுக்காரி என் பக்கமாக நகர்ந்து வந்துதான் இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன். மெல்லிசுப் பைப், அதைப் பிடித்திருந்ததும் பாடித் தகடு. கால் வைத்து ஏற அது போதும், கல்லுக்குப் போதாது. ராக் ஸ்லைடர் என்பது வண்டியின் ஒரு பக்கப் பாரம் முழுக்க அதன்மேல் இறங்கினாலும் தாங்கி, கல்லின்மேல் சறுக்கிக்கொண்டு போக வேண்டிய இரும்பு. அதனால் அதைச் சேஸில்தான், அதாவது வண்டியின் அடியில் நீளமாக ஓடும் இரும்புச் சட்டத்தில்தான், கட்ட வேண்டும். தார், ஜிம்னி, கூர்க்கா, ஜிப்ஸி, பொலிரோ போலத் தனிச் சேஸ் உள்ள வண்டிக்குத்தான் நான் சொல்கிற முறை சரிப்படும்.

சேஸிலும் பாடியிலும் சேர்த்து மாட்டினால் இன்னும் பலம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பாடி, ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் சேஸ் ஒரு பக்கம் முறுக்கும், பாடி அதன் போக்கில் அசையும். இரண்டையும் ஒரே இரும்பால் பிணைத்தால் தகடுதான் கிழியும்.

முதலில் அளவு. என் தாருக்கு வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, 2,430 மில்லிமீட்டர். 235/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 735. கழித்தால் இரண்டு டயருக்கும் நடுவே 1,695 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயரின் பின்புறம் உள்ளே வரும், அதற்கு இடம் விட வேண்டும். ஆகவே 1,550 வைத்தேன். டயரின் வெளி விளிம்பைத் தாண்டி நீட்ட வேண்டாம். பாறையில் முதலில் மாட்டுவது அதுதான், ரோட்டில் பக்கத்தில் வருகிறவருக்கும் ஆபத்து.

பைப் கடையில் ஒன்றரை அங்குலம் என்று சொல்கிற அளவு, சி கிளாஸ் என்னும் கனமான ரகம். வெளிவிட்டம் 48.3, கனம் 4 மில்லிமீட்டர். பக்கத்துக்கு இரண்டு பைப்: ஒன்று சேஸை ஒட்டி, ஒன்று வெளியே. வெளிப் பைப்பைக் கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கி வைத்தால் கல் கதவைத் தொடாது. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் முனைகளை வளைத்து, வாயை அடைத்து வெல்டிங் வைத்தார்கள். அடியில் சின்னத் தண்ணீர்த் துளை போடச் சொல்ல மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உள்ளிருந்தே துரு தின்னும். பக்கத்துக்கு நான்கு கால், ஒவ்வொரு காலின் முனையிலும் சேஸோடு படிகிற 6 மில்லிமீட்டர் பிளேட். ஒரு பக்கம் மட்டும் 22 கிலோ வந்தது.

அடுத்தது, எதைக் கொண்டு கட்டுவது. சேஸில் வெல்டிங் வைக்க நான் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கழற்றக்கூடியதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. புதிதாகத் துளை போடுவதையும் தவிர்த்தேன். போட்டே ஆக வேண்டும் என்றால் சேஸின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ போடாதீர்கள், இழுவையும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். பக்கச் சுவரின் நடுவில் போடலாம்.

நான் எடுத்தது சதுர யூ போல்ட், சேஸைச் சுற்றிப் பிடிக்கிற, இரண்டு முனையிலும் மரை உள்ள வளைந்த கம்பி. லாரிக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறைகள் சங்ககிரியில் நிறைய. சேஸின் அளவைக் கொடுத்தால் 12 மில்லிமீட்டர் ஹை டென்சைல் கம்பியில் வளைத்துக் கொடுக்கிறார்கள். காலுக்கு இரண்டு வீதம் மொத்தம் 16. உங்கள் சேஸ் வாய் திறந்த சி வடிவமா, மூடிய பெட்டியா என்று கட்டாயம் பாருங்கள். சி வடிவம் என்றால் யூ போல்ட் இறுக இறுக வாய் மூடப் பார்க்கும். அந்த இடத்தில் சரியான அளவில் ஒரு இரும்புத் துண்டை உள்ளே நிறுத்த வேண்டும்.

மாட்டுவதற்குச் சமதளம் வேண்டும். எங்கள் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) முன்னால் தேங்காய் காயப்போடும் சிமெண்ட் களம் இருக்கிறது, அங்கேயே நிறுத்தினோம். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். வண்டியைத் தூக்கத் தேவையில்லை.

இனிமேல்தான் நிதானம் வேண்டும். கம்பி பிரஷ்ஷால் சேஸைச் சுரண்டி, டார்ச் அடித்து முழு நீளமும் பாருங்கள். பிரேக் பைப்பும் டீசல் பைப்பும் சேஸை ஒட்டியே ஓடும். என் வண்டியில் ஒரு இடத்தில் யூ போல்ட் சரியாகப் பிரேக் பைப் மேல் உட்காரப் பார்த்தது. அது சித்தே நசுங்கியிருந்தாலும் பர்கூர் மலை இறக்கத்தில் பிரேக் இருந்திருக்காது. அந்தக் காலை நான்கு விரல் அளவு பின்னால் தள்ளி வெட்டி ஒட்டினோம். சுரண்டிய இடத்தில் துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்துக் காயவிட்டுத்தான் மேலே போனோம்.

ஸ்லைடரின் நடுவே ஜாக்கியைக் கொடுத்து, மேலே ஒரு பலகைத் துண்டு வைத்து மெதுவாக ஏற்றினோம். மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், நான் படுத்து யூ போல்ட்டைக் கோத்தேன். தனியாளாகச் செய்யாதீர்கள். எட்டு யூ போல்ட்டையும் கையால் திருகும் அளவுக்கு மட்டும் முதலில் மாட்டுங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டால் அடுத்தது கோக்காது. அப்புறம் பாடிக்கும் ஸ்லைடருக்கும் நடுவே இடைவெளி பாருங்கள். முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

சரியாக வந்ததும் நடுக் கால்களில் ஆரம்பித்து முனைகளை நோக்கி மாற்றி மாற்றி இறுக்குங்கள். 12 மில்லிமீட்டர், 8.8 கிரேடு போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர் அளவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் சொந்தமாக இல்லையென்றால் பட்டறையில் இரவல் வாங்குங்கள். கைக்கணக்கில் விட்டதில் மாப்பிள்ளை இறுக்கியதும் நான் இறுக்கியதும் 30 நியூட்டன் மீட்டர் வித்தியாசம் காட்டியது. நட், அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட்டாகவே இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் ஸ்டீயரிங்கை இரு புறமும் முழுக்க ஒடித்து டயர் உரசுகிறதா என்று பார்த்தோம். அடுத்து உண்மையான சோதனை. ஸ்லைடரின் நடுவில் ஜாக்கி வைத்து அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பப் போகும் வரை தூக்கினேன். யாரும் அடியில் இருக்கக் கூடாது. இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்தது, கதவு வழக்கம்போலத் திறந்து மூடியது. இடைவெளி குறைந்தாலோ பிளேட் நகர்ந்தாலோ இறக்கிவிட்டு அந்தக் காலைப் பாருங்கள்.

200 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். எனக்கு மூன்று நட் கால் சுற்று எடுத்தது. அதன்பின் பள்ளத்தில் கல் உரசி வந்தால், அன்றைக்கே கழுவி, பெயிண்ட் போன இடத்தில் ரெட் ஆக்சைடு தொட்டுவிட்டுத்தான் வண்டியைக் கொட்டாயில் விடுகிறேன்.